வீடு தேடிப் போகும் தாதியருக்கு வாய்ப் பராமரிப்புப் பயிற்சி: முழுமையான வழிகாட்டி

வீட்டு வருகைக்குப் போகும் தாதி ரத்த அழுத்தம் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், புண்ணுக்குக் கட்டு மாற்றுவார், மாத்திரைப் பெட்டியில் மீதம் எத்தனை என்று எண்ணுவார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பது அபூர்வம். பல படிவங்களில் அதற்கென்று ஒரு வரிகூட இருக்காது. இருந்தாலும் 'சரி' என்று ஒரு டிக் விழுந்துவிடும். வாய் என்றால் பல் டாக்டர் வேலை என்ற நினைப்பு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. படுக்கையோடு இருக்கும் ஒரு பாட்டியோ பல் டாக்டரைப் பார்த்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். பல வீடுகளில் அவரைத் தேடி வருகிற ஒரே சுகாதாரப் பணியாளர் அந்தத் தாதிதான்.

சிங்கப்பூரில் வீட்டுத் தாதிமைக் குழு, முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம், தாதிமை இல்லம் ஆகியவற்றில் பயிற்சிக்குப் பொறுப்பாக இருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து இங்கே பணியாற்றும் தாதியருக்கும், வீட்டில் அம்மாவையோ மாமனாரையோ பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதில் பயன் இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமூகத் தாதி இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதம் ஒருமுறையோதான் வருவார். தினமும் பிரஷ் பிடிக்கிற கை பணிப்பெண்ணுடையது, மகளுடையது, சில வீடுகளில் எண்பது வயதுக் கணவருடையது. அதனால் மருத்துவமனை வார்டுக்கென்று தயாரித்த பாடத்தை அப்படியே கொண்டுவந்தால் பொருந்தாது. சமூகத் தாதிக்குப் பார்க்கத் தெரிய வேண்டும், பார்த்ததை வைத்து முடிவெடுக்கத் தெரிய வேண்டும், வீட்டில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரிய வேண்டும். கடைசியில் சொன்னதுதான் பயிற்சிகளில் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

படி 1: ஏன் என்று முதலில் புரிய வையுங்கள்

முதல் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். 'வாய் சுத்தம் நல்லது' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் மாற மாட்டார்கள். தாதியருக்குப் புரிகிற மொழி நுரையீரலும் சர்க்கரையும் சாப்பாடும்தான்.

நுரையீரலிலிருந்து தொடங்குங்கள். விழுங்கும் திறன் குறைந்தவருக்கு எச்சிலே புரை ஏறும். அந்த எச்சிலோடு வாயில் இருக்கும் கிருமிகளும் நுரையீரலுக்குள் போகும். ஜப்பானில் 11 தாதிமை இல்லங்களில் இரண்டு ஆண்டு நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. பராமரிப்பாளர்கள் தினமும் பல் துலக்கிவிட்ட குழுவில் 11 விழுக்காட்டினருக்கும், அப்படிச் செய்யாத குழுவில் 19 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. 85 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்து அங்கே நடந்து 2015இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, இரவில் பல் செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு நிமோனியா அபாயம் ஏறக்குறைய இருமடங்கு என்று காட்டியது. எல்லா ஆய்வும் இப்படிச் சாதகமாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அதே 2015இல் வெளிவந்த, அமெரிக்கத் தாதிமை இல்லங்களில் நடந்த பெரிய சோதனை ஒன்றில் பலன் தெரியவில்லை. தாதியர் விவரம் தெரிந்தவர்கள். பாதியை மறைத்துச் சொன்னால் மீதியையும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து சர்க்கரை. ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கடினம். சர்க்கரை ஏறியிருந்தால் ஈறு ஆறுவதும் கடினம். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது ஒன்றே போதும்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போதுதான் வகுப்பு விழித்துக்கொள்ளும். 'கிழவி சாப்பிட மாட்டேன் என்கிறாள், மனசு சரியில்லை போல' என்று குறிப்பு எழுதப்பட்ட பலருக்கு உண்மையில் பல் செட்டுக்கு அடியில் புண் இருக்கும், அல்லது உடைந்த பல் ஒன்று நாக்கைக் கிழித்துக்கொண்டிருக்கும். வலிக்கிறது என்று சொல்ல முடியாதவர் வாயை மூடிக்கொள்வார். அதைப் பிடிவாதம் என்று நாம் படித்துவிடுகிறோம்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லுங்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே ஃபுளோரைடு கலக்கப்படுகிறது. பல் சிகிச்சையும் பெருகிவிட்டது. அதனால் இன்று எழுபது எண்பது வயதில் இருப்பவர்களில் பலருக்குச் சொந்தப் பல் இருக்கிறது. கிரீடம் போட்ட பல், பாலம் கட்டிய பல், தாடையில் பதித்த இம்பிளான்ட் எல்லாம் இருக்கின்றன. பொக்கை வாயும் ஒரு முழு பல் செட்டும் இருந்த காலத்துப் பராமரிப்பு இவர்களுக்குப் போதாது.

படி 2: ஆட்களையும் பொருட்களையும் சேர்த்தல்

தாதிப் பயிற்றுநர் ஒருவர் தனியாக நடத்த வேண்டாம். பல் மருத்துவரோ வாய்ச் சுகாதாரச் சிகிச்சையாளரோ ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் ஒரு மணி நேரம் வந்தால் மிகவும் நல்லது. குழுவில் எட்டு முதல் பத்துப் பேர் வரை இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பின்வரிசை வேடிக்கை பார்க்கும்.

ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு அரை நாட்களாகப் பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. இடையில் மூன்று நான்கு வாரம் விட்டால், அவர்கள் சொந்த நோயாளிகளின் வாயைப் பார்த்துவிட்டுக் கேள்விகளோடு திரும்பி வருவார்கள். இரண்டாவது அமர்வில்தான் உண்மையான பாடம் நடக்கிறது.

பொருட்கள் எளியவை: சிறிய தலையுள்ள மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பற்பசை, நெற்றி டார்ச், கையுறை, முகக்கவசம், நாக்கை அழுத்தும் மரக்குச்சி, காஸ் துணி, உதட்டுக்குத் தடவ நீர் சார்ந்த களிம்பு, கழுத்துக்குத் துண்டு, பல் செட் பிரஷ், மூடியுள்ள டப்பா, ஒரு சக்கர நாற்காலி. பழைய பல் செட் ஒன்றிரண்டு கிடைத்தால் வாங்கி வையுங்கள். பல தாதியர் பகுதி பல் செட்டின் கம்பிக் கொக்கியைக் கழற்றிப் பழகியிருக்க மாட்டார்கள்.

ஸ்பாஞ்ச் தலை வைத்த குச்சிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடித்தால் தலை கழன்று தொண்டைக்குள் போகும் அபாயம் உண்டு. 2012இல் பிரிட்டனின் மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. உதட்டையும் கன்னத்தையும் ஈரப்படுத்த அவை உதவலாம், பல்லைச் சுத்தம் செய்ய உதவாது. எலுமிச்சை, கிளிசரின் தோய்த்த குச்சிகள் வேண்டவே வேண்டாம். அவை வாயை இன்னும் உலர வைக்கும், பல்லையும் அரிக்கும்.

படி 3: ஒருவர் வாயை ஒருவர் துலக்குதல்

இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் பயிற்சி அரைகுறைதான். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, மற்றவர் பல் துலக்கிவிட வேண்டும். பிறகு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் சுற்றில் எந்த வழிமுறையும் சொல்லாதீர்கள், நடப்பதைக் கவனியுங்கள். துலக்குபவர் நேர் எதிரே நிற்பார், உட்கார்ந்திருப்பவரின் தலை தானாகப் பின்னால் சாயும். அந்தக் கோணத்தில் தண்ணீர் தொண்டைக்கு ஓடும். நுரை பெருகும், உட்கார்ந்திருப்பவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார். பிரஷ் மேலுதட்டின் உட்புறம் இடிக்கும்போது கண்ணில் நீர் வரும். அனுபவமுள்ள தாதியர்கூட அந்த இடத்தில் திடுக்கிட்டுப்போவார்கள். தினமும் தன் நோயாளி படுகிற பாடு என்னவென்று அங்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது சுற்றில் சரியான முறையைக் காட்டுங்கள். பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். ஒரு கை தாடையைத் தாங்கட்டும். நோயாளியின் முகவாய் லேசாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். படுக்கையில் என்றால் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்துங்கள், முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பற்பசை பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஒரு தீற்றல் போதும், அதுவும் நுரைக்காத வகையாக இருந்தால் நல்லது. பிரஷைச் சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்துச் சின்னச் சின்ன அசைவாகத் துலக்குங்கள். கன்னத்தை விரலால் மெல்ல ஒதுக்கிப் பின்பற்களிலிருந்து தொடங்கினால், கூச்சம் அதிகமுள்ள முன்பற்களுக்கு வரும்போது நோயாளி பழகியிருப்பார். துப்ப முடிந்தவர் துப்பட்டும், அப்புறம் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும். துப்ப முடியாதவருக்குக் காஸ் துணியால் துடைத்தெடுங்கள், உறிஞ்சு கருவி இருந்தால் பயன்படுத்துங்கள்.

'மவுத்வாஷ் ஊற்றினால் போதாதா?' என்று ஒருவராவது கேட்பார். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த தட்டைத் தேய்க்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினி மவுத்வாஷை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். புரை ஏறுபவருக்குக் கொப்பளிக்கக் கொடுக்கவே கூடாது.

ஈறில் ரத்தம் வந்தால் பலர் துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கியிருப்பதால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது. மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் ஓரிரு வாரத்தில் குறையும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவருக்குக் காஸ் வைத்து அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தாதிக்கும் இல்லை, குடும்பத்துக்கும் இல்லை. இதை அழுத்திச் சொல்லுங்கள்.

படி 4: பார்க்கக் கற்றுக்கொடுத்தல்

பார்வைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும், இல்லாவிட்டால் முன்பல்லோடு நின்றுவிடும். 2005இல் முதியோர் பல் மருத்துவ ஆய்வாளர் ஜேன் சால்மர்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓஹாட் என்னும் மதிப்பீட்டுத் தாள் பல் மருத்துவர் அல்லாதவர்களும் பயன்படுத்தக்கூடியது. உதடு, நாக்கு, ஈறும் மென்தசையும், உமிழ்நீர், இயற்கைப் பல், பல் செட், வாய்ச் சுத்தம், பல் வலி என எட்டுப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தம் 16. மதிப்பெண் கூடக் கூட நிலைமை மோசம். பல் செட்டில் பெயர் எழுதப்படாமல் இருந்தாலே ஒரு மதிப்பெண் ஏறும். தாதிமை இல்லத்தில் பல் செட் மாறிப்போகும் சோகத்தை அறிந்தவர்கள் வகுத்த தாள் இது.

பார்க்கும் வரிசையைக் கையால் பழக்குங்கள். பல் செட்டைக் கழற்றாமல் பார்த்தால் பார்த்ததாகவே கணக்கில்லை. மேலண்ணத்தில் பல் செட்டின் வடிவத்திலேயே சிவந்திருந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பாருங்கள். காஸ் துணியால் நாக்கின் நுனியைப் பிடித்து இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நாக்கின் ஓரமும் நாக்குக்கு அடியில் உள்ள வாய்த்தளமும் புற்றுநோய் ஒளிந்துகொள்ளும் இடங்கள். பக்கவாதம் வந்தவருக்கு உணர்ச்சி குறைந்த பக்கத்துக் கன்னப் பையில் விரல்விட்டுத் துழாவுங்கள், அவர் கடிக்க மாட்டார் என்று உறுதியான பிறகு. மத்தியானம் சாப்பிட்ட கஞ்சி அங்கேயே இருக்கும். சில நேரம் காலையில் விழுங்கியதாக எழுதிய மாத்திரையும் இருக்கும். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரை அப்படித் தங்கினால் அந்த இடமே புண்ணாகிவிடும்.

உமிழ்நீரைப் பாருங்கள் என்றால் முதலில் மாத்திரைப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு, ஒவ்வாமை, அடிக்கடி சிறுநீர் போதல் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பல மருந்துகள் வாயை வறளச் செய்யும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வறண்ட வாயில் சொத்தை சீக்கிரம் பரவும். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் (விழுங்கல் சிகிச்சையாளர் அனுமதித்த பதத்தில்), உதட்டுக்குக் களிம்பு, தேவைப்பட்டால் செயற்கை உமிழ்நீர் என்று போகலாம். மருந்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதும் தாதியின் வேலைதான். சொத்தை வேகமாகப் பரவினால் பல் மருத்துவர் 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) ஃபுளோரைடு பற்பசை எழுதிக்கொடுப்பார். சாதாரணப் பற்பசையில் 1,000 முதல் 1,500 வரைதான் இருக்கும்.

நம் மூத்தோரின் வாயில் கூடுதலாக ஒன்றைத் தேட வேண்டும். வெற்றிலை பாக்கு பழக்கம் சிங்கப்பூரில் குறைந்துவிட்டது, ஆனால் போய்விடவில்லை. தேக்கா பக்கம் போனால் வெற்றிலை இன்றும் கிடைக்கிறது. புகையிலை கலந்தால்தான் கெடுதல் என்று பலர் நம்புகிறார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. மெல்லும் பழக்கமுள்ளவரின் கன்னம் வெளிறி, விறைத்து, வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காமல் இருந்தால் அதை வயதின் மேல் போடக் கூடாது. விசாரிக்கும்போது குற்றம் சாட்டும் தொனி இருந்தால் 'எப்பவோ விட்டுட்டேன்' என்று பதில் வரும். 'தாம்பூலம் போடுவீங்களா பாட்டி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை?' என்று இயல்பாகக் கேட்டால் உண்மை வரும்.

எல்லாரும் ஒரே வாயைப் பார்த்துத் தனித்தனியே மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிடுங்கள். ஒருவர் 3 போட்டு இன்னொருவர் 8 போடுவார். ஏன் என்று பேசும்போதுதான் கண் கூர்மையாகும். படம் எடுத்தால் நோயாளியின் அல்லது குடும்பத்தின் ஒப்புதலோடு, நிறுவனத்தின் சாதனத்தில் மட்டும் எடுங்கள். சொந்தக் கைபேசியில் வேண்டாம்.

படி 5: பல் செட்டும் மூக்குக் குழாயும்

பல் செட்டை இரவில் கழற்ற வேண்டும். திரவ சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்து, குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். பற்பசை அதில் கீறல் போடும், கொதிநீர் அதை வளைத்துவிடும். கழுவும்போது வாஷ்பேசினில் கொஞ்சம் தண்ணீர் தேக்கி வையுங்கள், கை தவறினாலும் உடையாது. கழற்றிய பிறகு ஈறையும் நாக்கையும் அண்ணத்தையும் துடைத்துவிட வேண்டும். கழற்ற வெட்கப்படும் மூத்தோர் உண்டு. கணவர் முன்னால் பல் இல்லாமல் இருக்கக் கூச்சப்படும் பாட்டிகளுக்கு விளக்கணைத்த பிறகு கழற்றித் தர ஏற்பாடு செய்தால் ஒத்துக்கொள்வார்கள்.

மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாயில் உணவு போகிறவருக்கு வாயில் வேலையே இல்லை என்று குடும்பம் நினைக்கும். உண்மை நேர்மாறானது. மெல்லாத வாயில் உமிழ்நீர் சரியாக ஊறாது, பல்லில் காரை வேகமாகப் படியும், அண்ணத்தில் காய்ந்த சளி பொருக்கு கட்டும். அந்தப் பொருக்கை உரிக்கக் கூடாது. ஈரக் காஸ் வைத்து ஊற விட்டு மெதுவாக எடுங்கள். குழாயில் ஊட்டிய உடனே துலக்கினால் வாந்தி வரலாம், ஒரு மணி நேரம் கழியட்டும்.

படி 6: வாயைத் திறக்க மறுப்பவர்

மறதி நோய் உள்ளவருக்கு, அறிமுகமில்லாத ஒரு கை குச்சியோடு முகத்துக்கு நேரே வருவது தாக்குதலாகத்தான் தெரியும். அதைக் குறைக்கும் வழிகளை நடித்துக் காட்டிப் பழக்குங்கள். கண் மட்டத்துக்குக் குனிந்து, பெயர் சொல்லி, பிரஷை முதலில் அவர் கையில் கொடுங்கள். அவர் கைமேல் உங்கள் கையை வைத்து இரண்டு கையுமாகச் சேர்ந்து துலக்கத் தொடங்கலாம். இன்னொரு பிரஷை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஒன்றால் துலக்கலாம். பிடித்த பழைய பாட்டு ஒன்றை ஓடவிடலாம். முடியவே இல்லையென்றால் விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து வேறொருவர் முயலட்டும். பற்களுக்கு இடையே விரல் வைக்கவே கூடாது. கையைப் பிடித்து அமுக்கி வாயைத் திறப்பது பராமரிப்பு ஆகாது.

நம் வயதானவர்கள் காலையில் பல் தேய்க்காமல் காப்பி குடிக்க மாட்டார்கள். இரவில் துலக்குவது அவர்களில் பலருக்குப் பழக்கமே இல்லாத விஷயம். அந்தக் காலைப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காப்பி மணம் வரும் நேரத்தில் பிரஷை நீட்டினால், மறதி முற்றியவர்கூட வாய் திறப்பதைப் பார்க்கலாம். காலையில் ஒருமுறை ஒழுங்காக நடந்த பிறகு இரவைச் சேர்க்கலாம். பல்பொடியும் கரியும் உப்பும் வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தவர்களுக்குப் பல்லின் கழுத்துப் பகுதி தேய்ந்து கூசும். வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷை நனைத்தால் கூச்சம் குறையும். பல்பொடியே வேண்டும் என்பவர் விழுங்கச் சிரமப்படுபவராக இருந்தால் குடும்பத்திடம் பேசி மாற்றுங்கள், தூள் மூச்சில் போகும்.

தமிழ்த் தாதிக்கு எல்லா நோயாளியும் தமிழராக இருக்க மாட்டார்கள். மலாய் மக்சிக்கிடம் 'புக்கா முலுட்', 'சாக்கிட்?', சீன ஆ மாவிடம் 'ஜாங் ஸுய்', 'தோங் மா?' என்று நாலு சொல் தெரிந்திருந்தால் போதும். வாய் திற, வலிக்கிறதா என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் தேவைப்படாது.

படி 7: வீட்டில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுத்தல்

பணிப்பெண் மியன்மாரிலிருந்தோ இந்தோனீசியாவிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்திருப்பார். அவருக்குக் கடி பயம் இருக்கும், 'ரத்தம் வந்தால் என்னைத் திட்டுவார்கள்' என்ற பயம் அதைவிட அதிகமாக இருக்கும். குடும்பத்தாரையும் அவரையும் ஒன்றாக உட்கார வைத்து, தொடக்கத்தில் கொஞ்சம் ரத்தம் வரும், அது அவர் தப்பு இல்லை என்று தாதி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் பாதி வேலையை முடித்துவிடும்.

பிறகு வரிசை இது: தாதி செய்து காட்டுவார், பணிப்பெண் அங்கேயே செய்து காட்டுவார், தாதி கையைத் திருத்துவார். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். 'நாளைக்குக் காலையில் எப்படிச் செய்வீங்க, காட்டுங்க' என்று கேளுங்கள். ஒரு தடவையில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். முதல் வருகையில் உட்காரும் நிலையும் பின்பற்களும், அடுத்ததில் பல் செட்டும் நாக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம். படம் போட்ட ஒரு தாளைக் குளியலறைச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

புது பிரஷ் வாங்கித் தர வேண்டியவர் மகனோ மகளோ. தேய்ந்து விரிந்த பிரஷைக் கையில் எடுத்துக் காட்டி, இன்றைக்கே வாங்கச் சொல்லுங்கள். குடும்பத்தார் தாங்களே பயிற்சிக்குப் போக விரும்பினால், ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாகப் பராமரிப்பாளர் பயிற்சி மானியம் இருக்கிறது.

படி 8: எப்போது, எங்கே அனுப்புவது

முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலும் அடித்து, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் காத்திருக்கக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். வீக்கம் மட்டும் இருந்தாலோ, வலியில் சாப்பாடு நின்றுபோனாலோ, பல் செட் உடைந்து கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தாலோ அன்றோ மறுநாளோ பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணம் தெரியாத கட்டி எதுவானாலும், வலி இல்லாவிட்டாலும் அனுப்புங்கள். வலி இல்லை என்பதால் விட்டுவைப்பதுதான் வாய்ப்புற்றில் ஆபத்தானது. ஆடும் பல்லையும் விழுங்கச் சிரமப்படுபவரிடம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கழன்று உள்ளே போய்விடும்.

நீல, ஆரஞ்சு நிற சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்டம்) அட்டை உள்ளவர்களுக்கும், அரசு சலுகை பெறும் மூத்தோரான முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறையினருக்கும் சாஸ் திட்டத்தில் சேர்ந்த தனியார் பல் மருந்தகங்களில் மானியம் உண்டு. சிக்கலான நிலைமைக்குப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் வாங்கினால், அவுட்ரம் வளாகத்தில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கோ கெண்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக வாய்ச் சுகாதார நிலையத்துக்கோ மானிய விலையில் போகலாம். சக்கர நாற்காலி உள்ளே போகுமா, நாற்காலியிலேயே வைத்துப் பார்ப்பார்களா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வீடு வரை வந்து பார்க்கும் பல் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

பரிந்துரையோடு மருந்துப் பட்டியல் கட்டாயம் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, எலும்புக்கான மாத்திரை, அதே எலும்புக்காகப் போடும் டெனோசுமாப் ஊசி ஆகியவற்றைத் தனியே வட்டமிடுங்கள். எலும்பு மருந்து எடுப்பவருக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைக் குடும்பம் மறந்துவிடும், மாத்திரைப் பெட்டியிலும் அது இருக்காது. கேட்டால்தான் தெரியும்.

படி 9: பயிற்சி நிலைத்திருக்க

வருகைப் படிவத்தில் வாய்க்கென்று வரிகளைச் சேருங்கள்: ஓஹாட் மதிப்பெண், பல் செட் கழற்றிப் பார்த்ததா, யார் துலக்குகிறார், கடைசியாகப் பல் மருத்துவரைப் பார்த்தது எப்போது. 'வாய்: சரி' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய நோயாளிக்கு முதல் வருகையில் முழு மதிப்பீடு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவமனையிலிருந்து திரும்பினால் உடனே மறுபடி என்று வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி முடிந்து மூன்று மாதத்தில் ஒரு மூத்த தாதி உடன்போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்ற கணக்கு பெரிதாக எதையும் சொல்லாது. நோயாளிகளின் மதிப்பெண் இறங்கியதா, அனுப்பியவர்கள் பல் மருத்துவரைப் பார்த்தார்களா என்று பாருங்கள். குழுவில் ஆர்வமுள்ள ஒருவரை இதற்குப் பொறுப்பாளராக்கி, வாரத்தில் இரண்டு மணி நேரமாவது அவர் வருகைப் பட்டியலைக் குறையுங்கள். நேரம் கொடுக்காமல் பொறுப்பு மட்டும் கொடுத்தால் அது சில மாதத்தில் நின்றுபோகும். புதிதாகச் சேரும் தாதிக்கு ஆண்டுப் பயிற்சி வரும்வரை காத்திருக்காமல், முதல் மாதத்திலேயே அந்தப் பொறுப்பாளரோடு ஒரு நாள் வருகைக்கு அனுப்புங்கள். பையில் டார்ச்சும் காஸ் துணியும் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.